கணக்கு வராத பிள்ளையும் கற்பிக்கப்படாத கணக்கும்

இயற்கணிதத்தில் தடுமாறும் மாணவரைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் டியூஷன் நடக்கும் மாடியறையிலும் ஒரே கருத்துதான் நிலவுகிறது. அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. கணக்கு சிலருக்கு வரும், சிலருக்கு வராது, அது பிறவியிலேயே அமைவது என்பது முதல் பாதி. வராதவரைத் தேற்றி எடுக்க வேண்டுமானால் விதிகளை மனப்பாடம் செய்யவைத்து, நூறு கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடவைக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதி. இரண்டுமே தவறு. முதல் பாதி, பிள்ளையின் தவறுக்குப் பின்னால் இருக்கும் அறிவைக் காண மறுக்கிறது. இரண்டாம் பாதி, அந்தத் தவறையே பயிற்சியால் கெட்டிப்படுத்துகிறது.

பாடநூல்களில் தெரியாத எண்ணுக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்து நிற்கும். இங்கே அந்த இடத்தில் ‘ய’ நிற்கிறது. எழுத்து மாறினாலும் கணக்கு மாறாது என்பதே இயற்கணிதத்தின் முதல் பாடம். தடுமாறும் பிள்ளைக்குப் பல வேளைகளில் அந்த முதல் பாடமே போய்ச் சேர்ந்திருப்பதில்லை.

மூளைக் குறை என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அறிவு வேலை செய்யாததால்தான் தவறு வருகிறது என்றால், தவறுகள் தாறுமாறாக இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு விடை, நாளைக்கு வேறொரு விடை என்று மாற வேண்டும். நடப்பது அப்படியில்லை. எந்த ஊர் வகுப்பறையிலும் அதே சில தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 3ய + 4 என்பது 7ய ஆகிறது. 2அ + 5ஆ என்பது 7அஆ ஆகிறது. (அ + ஆ)² என்பது அ² + ஆ² ஆகிறது. 5 − (ய − 4) என்பது 1 − ய ஆகிறது. இத்தனை ஒழுங்காக வரும் தவறுகளுக்குக் குழப்பம் காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் பிள்ளை உண்மையாக நம்பிப் பின்பற்றும் ஒரு விதி இருக்கிறது.

அந்த விதி எண் கணக்கிலிருந்து வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை கூட்டல் குறி என்றால் ‘செய்து முடி’ என்று பொருள். 3 + 4 என்று எழுதி அப்படியே விட்டால் மதிப்பெண் கிடைக்காது; 7 என்று முடித்தால்தான் சரி. இதில் ஐந்து ஆண்டுகள் பழகிய கண்ணுக்கு 3ய + 4 பாதியில் நிற்கும் கணக்காகவே தெரியும். அதை 7ய என்று முடித்து வைப்பவர் படித்ததை மறந்தவர் அல்லர். படித்ததை அது செல்லாத இடத்துக்கும் கொண்டுபோனவர். அடுத்தடுத்து எழுதுவதிலும் இதே சிக்கல் உண்டு. 34 என்றால் முப்பதும் நான்கும். 2½ என்றால் இரண்டும் அரையும். அடுத்தடுத்து எழுதினால் கூட்டல் என்றே எண் கணக்கு பழக்கியிருக்கிறது. 3ய என்னும்போது மட்டும் அது திடீரென்று பெருக்கலாக மாறுகிறது. ய = 4 எனில் 3ய எவ்வளவு என்று கேட்டால் 34 என்று எழுதும் பிள்ளைக்கு இந்த மாற்றத்தை யாரும் சொல்லவில்லை என்பதே அந்த விடையின் பொருள்.

எல்லாவற்றிலும் ஆழமான சிக்கல் சமக்குறியில் இருக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பெண்டரும் உடன் பணியாற்றியோரும் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் 8 + 4 = □ + 5 என்ற கணக்கு தரப்பட்டது. கட்டத்துக்குள் வர வேண்டியது 7. அந்த ஆய்வில் பங்கேற்ற ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினர். 12 என்று எழுதியவர்கள் சமக்குறியைக் கண்டதும் விடையை எழுதிவிட்டார்கள். 17 என்று எழுதியவர்கள் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டார்கள். 145 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட மூளை இல்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். சமக்குறி ‘இதோ விடை’ என்னும் அறிவிப்பு என்றே அவர்களுக்குப் பழக்கப்பட்டிருந்தது. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று சொல்லும் குறி அது என்பது அவர்களுக்குத் தெரியாது. இது தெரியாத பிள்ளைக்கு 3ய + 5 = 20 என்பது ஒரு கூற்றாகவே தோன்றாது. கூற்றாகத் தோன்றாததைத் தீர்க்கவும் முடியாது.

வரலாறும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. இன்று இரண்டாம் வகுப்பிலேயே பழகிப்போகும் சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு அச்சுக்குக் கொண்டுவந்தது 1557இல்தான். அதற்கு ஏழு நூற்றாண்டுக்கும் முன்பு, ஏறத்தாழ 820இல், பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் குறியே இல்லை. எல்லாம் சொற்களிலேயே எழுதப்பட்டன. தெரியாத எண்ணுக்கு மட்டுமின்றித் தெரிந்த எண்களுக்கும் எழுத்துகளை முறையாகப் பயன்படுத்தியவர் பிரான்சுவா வியேட், ஆண்டு 1591. குறை எண்களின் கதை இன்னும் வியப்பானது. 628இல் பிரம்மகுப்தர் அவற்றைக் கடன் என்றும் மிகை எண்களைச் செல்வம் என்றும் வைத்து விதிகள் வகுத்துவிட்டார். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தில் பிரான்சிஸ் மாசரஸ் 1758இலும் வில்லியம் ஃபிரெண்ட் 1796இலும் குறை எண்களை ஏற்க மறுத்து நூல் எழுதினார்கள். இருவரும் கேம்பிரிட்ஜில் கற்றவர்கள். கற்றறிந்த பெரியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தயங்கி நின்ற இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு வாரம் தயங்கினால் அதற்கு மூளைக் குறை என்று பெயரிடுவது அநியாயம்.

இனி இரண்டாம் பாதி. விதியைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வோர் முதலில் கொடுப்பது இதைத்தான்: ‘இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.’ டியூஷன்களில் இதைவிட அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இருக்காது. 3ய + 5 = 20 என்ற கணக்கில் 5 அந்தப் பக்கம் போய் −5 ஆகிறது; 3ய = 15. இதுவரை சரி. இப்போது 3-ஐயும் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். குறி மாறும் என்பதுதானே விதி? பிள்ளை ய = 15 − 3 = 12 என்று எழுதுகிறார். இன்னொருவர் வகுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, குறியையும் மறக்காமல் மாற்றி, 15-ஐ −3ஆல் வகுத்து −5 என்று எழுதுகிறார். இருவரும் சொன்ன விதியைச் சொன்னபடியே செய்தவர்கள். தவறு விதியைக் கற்பித்த முறையில் இருக்கிறது.

எண் ஏன் அந்தப் பக்கம் போகிறது, போகும்போது குறி ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு அந்த விதியிடம் பதில் இல்லை. உண்மையில் எந்த எண்ணும் எங்கும் போவதில்லை. இரு பக்கமும் சமம் என்பதால் இரு பக்கத்திலிருந்தும் 5-ஐக் கழிக்கிறோம், சமம் கெடுவதில்லை. பிறகு இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்கிறோம்; அப்போதும் கெடுவதில்லை. ய = 5. ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரே இந்தச் செயலிலிருந்துதான் பிறந்தது. அல்குவாரிஸ்மியின் நூல்தலைப்பில் உள்ள ‘அல்ஜபர்’ என்ற சொல்லுக்குக் குறையை நிரப்பிச் சீராக்குதல் என்று பொருள்: ஒரு பக்கத்தில் கழிந்து நிற்பதை இரு பக்கமும் கூட்டி நிறைவு செய்வது. ‘போனால் மாறும்’ என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அந்தத் துறையின் பெயருக்குள்ளேயே இருக்கும் காரணத்தைப் பிள்ளையிடமிருந்து பறிப்பதாகும்.

இடமாற்றும் முறை வேகமானது, தேர்வில் நேரம் மிச்சம் என்பார்கள். வேகமானதுதான். காரணம் தெரிந்தவர் கையில் அது நல்ல குறுக்குவழி. காரணம் தெரியாதவருக்கோ அது மந்திரம். மந்திரத்தில் ஒரு சொல் பிசகினால் எங்கே பிசகியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. ‘மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்’ என்பதற்கும் இதே கதிதான் நேர்கிறது. பெருக்கலுக்கான அந்த விதி மனப்பாடமாக மட்டும் தங்கிவிட்ட மாணவர் −3 − 5 என்பதற்கு +8 என்று எழுதுகிறார். மூன்று ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் கையில் எட்டு ரூபாய் இருக்குமா என்று கேட்டால் அதே மாணவர் உடனே தலையசைத்து மறுப்பார். அறிவு அவரிடம் இருக்கிறது. மனப்பாட விதி அந்த அறிவை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

நிறையக் கணக்குப் போட்டால் தானாக வந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. இதற்கு எதிரான சான்றுகளில் மிக வலுவானது 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஒரு மாணவனின் வரலாறு. ஆய்வில் பென்னி என்று அழைக்கப்படும் அந்த அமெரிக்கச் சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. தாள் தாளாகப் பயிற்சி முடித்து, விடைத்தாளோடு ஒப்பிட்டு முன்னேறும் திட்டத்தில் அவன் படித்தான். ஆசிரியரின் கணிப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை. எர்ல்வாங்கர் அவனுடன் உட்கார்ந்து பேசியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பின்னத்தைத் தசமமாக்க, மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் கூட்டிப் புள்ளி வைத்துவிடுவான். பத்தில் ஐந்து அவனுக்கு 1.5, நானூற்றில் நானூறு 8.00. கணிதம் என்பது யாரோ எப்போதோ வகுத்த விதிகளின் குவியல் என்று அவன் நம்பினான். அவன் போட்ட பயிற்சி கொஞ்சமன்று. அத்தனை பயிற்சியும் அந்த நம்பிக்கையைத் தொடவேயில்லை, ஏனெனில் அவனிடம் ‘இது எப்படி வந்தது’ என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எப்போது, எந்த வடிவில் என்பதே கேள்வி. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணித மாணவர்களை வைத்து நடத்திய சோதனைகளில், கணக்குகளைத் தாங்களே போட்டுப் பழகியவர்களைவிட, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய மாதிரிக் கணக்குகளைக் கற்றவர்கள் அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழையோடும் தீர்த்தார்கள். தடுமாறும் பிள்ளைக்கு முதலில் தேவை, தீர்த்த கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டுத் தெளிவது. அதன் பிறகு போடும் பத்துக் கணக்கு, முன்பு போடும் நூறு கணக்கைவிடப் பயன் தரும்.

எளிமைப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் ஒன்றும் இங்கே கண்டிக்கப்பட வேண்டியது. 2அ + 5ஆ-ஐ விளக்க, ‘அ என்றால் அன்னாசி, ஆ என்றால் ஆரஞ்சு, அன்னாசியையும் ஆரஞ்சையும் கூட்ட முடியாது’ என்று சொல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அந்த ஒரு கணக்குக்கு அது உதவுவதுபோலத் தோன்றும். ஆனால் எழுத்து ஒரு பொருளின் சுருக்கப்பெயர் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. லண்டனில் 1970களில் கேத்லீன் ஹார்ட் முதலியோர் நடத்திய பெரும் ஆய்வு, எழுத்தைப் பொருளாகப் பார்ப்பதைப் பிள்ளைகளின் முக்கியத் தடைகளில் ஒன்றாக அடையாளம் காட்டியது. அந்த விதையின் விளைச்சல் கல்லூரி வரை போகும். ‘ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் எண்ணிக்கை பேராசிரியர் எண்ணிக்கையைப்போல ஆறு மடங்கு’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொல்லி ஜான் கிளெமென்ட் முதலியோர், 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்கப் பொறியியல் மாணவர்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தவறாக எழுதினர்; பெரும்பாலான தவறு 6ம = ப என்று தலைகீழாக எழுதியதுதான். சரியான வடிவம் ம = 6ப. ‘ம’ அவர்களுக்கு மாணவர் எண்ணிக்கை என்னும் எண்ணாகத் தெரியவில்லை; மாணவர் என்ற சொல்லாகவே தெரிந்தது. எழுத்து எப்போதும் எண்ணையே குறிக்கிறது என்பதைப் பழத்தைக் காட்டிக் கற்பிக்க முடியாது, எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான் கற்பிக்க முடியும்.

அடிப்படைக்குத் திரும்பிப் போக நேரம் இல்லை, பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பெற்றோரும் ஆசிரியரும் வைக்கும் கடைசி வாதம். இந்தியாவில் ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வுகள் 2022இலும் 2024இலும் ஒரே செய்தியைச் சொன்னன: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு ஒருபடிச் சமன்பாடு கற்பிப்பதில் செலவாகும் நேரமே வீணாகும் நேரம். ய-யில் பாதியும் ய-யில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 10 என்ற கணக்கில் 25 என்று விடை எழுதும் மாணவருக்கு இயற்கணிதத்தில் குறை இல்லை. ½ + ⅓ = ⅖ என்று அவர் நம்புகிறார். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று ஒரு முறை யோசிக்க வைத்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். பின்னத்துக்குச் செலவிடும் இரண்டு வாரம் இயற்கணிதத்துக்குச் செலவிட்டதே.

தடுமாறும் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய முறை இவற்றிலிருந்தே பெறப்படும். முதல் நாள் பாடம் நடத்தும் நாளன்று, கண்டறியும் நாள். சிறு சிறு கணக்குகள் பத்து போதும்: □ வைத்த ஒரு சமன்பாடு, குறை எண் கூட்டல் இரண்டு, பின்னக் கூட்டல் ஒன்று, அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வரும் ஒன்று, எழுத்துக்கு எண் இடும் ஒன்று என்பதுபோல. விடை சரியோ தவறோ, ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். தவறான விடைக்கு மட்டும் அப்படிக் கேட்டால், கேள்வியே ‘நீ தவறு’ என்னும் குற்றச்சாட்டாகிவிடும். கேட்ட பிறகு பொறுக்க வேண்டும். மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு நொடியே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்லாதோர் குறைந்தார்கள். தனிப்பயிற்சியில் இந்த மூன்று நொடியைப் பத்து நொடியாக்க எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, விடை சரியா என்று சொல்லும் அதிகாரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். ய = 12 என்று எழுதியவர் அதை மீண்டும் சமன்பாட்டில் இட்டுப் பார்க்கட்டும்: 3 × 12 + 5 = 41; 20 வரவில்லை. 5 − (ய − 4) என்பது 1 − ய என்று எழுதியவர் ய = 6 என்று இட்டுப் பார்க்கட்டும்: முதலாவது 3, இரண்டாவது −5. 9 − ய என்று எழுதினால் இரண்டும் 3. (3 + 4)² என்பது 49. 3² + 4² என்பது 25. ஆசிரியரின் சிவப்பு மையைவிட இந்தச் சோதனை நேர்மையானது. இதைப் பழகிய பிள்ளை யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கருவிகளின் எல்லையைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். தராசு சமக்குறியை விளக்க மிக நல்லது. இரு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்தால் தராசு சாயாது. ஆனால் ய + 7 = 3 என்ற கணக்கு வந்தால் தராசு உதவாது; எந்த எடைக்கல்லும் −4 கிலோ நிறுக்காது. அங்கே கடனும் எண்கோடும் வர வேண்டும்.

நான்காவது, மொழியைத் துணைக்குக் கொள்ள வேண்டும். ‘ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தால் 16’ என்னும் தமிழ் வாக்கியத்தின் வரிசையும் 3ய − 5 = 16 என்னும் குறிகளின் வரிசையும் ஒன்றே. அதே கணக்கை ஆங்கிலத்தில் சொல்லும்போது வழக்கமாக 5 முன்னால் வந்துவிடுகிறது. பிள்ளை கண்ட வரிசையில் 5 − 3ய என்று எழுதுகிறார். ஆங்கிலவழிப் பிள்ளையையும் கணக்கை ஒரு முறை தமிழில் சொல்லவைத்தால் இந்தத் தவறு பெரிதும் விலகும். வாக்கியக் கணக்கில் தோற்பதாகச் சொல்லப்படும் பிள்ளைகளில் சிலர் தோற்பது கணக்கில் அன்று.

இவற்றுக்கெல்லாம் ஒரு மறுப்பு நியாயமானது: எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் கற்பதில்லை, எண்களைக் கையாள்வதில் உண்மையான கற்றல் குறைபாடு உள்ள சிறு பகுதியினரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவ, உளவியல் துணையும் கூடுதல் காலமும் வேண்டும். ஆனால் தவறின் காரணத்தைத் தேடிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் அந்தப் பகுதியில் சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை. 1984இல் பெஞ்சமின் புளூம், தனியொரு மாணவருக்கு ஒருவர் கற்பிக்கும் முறையில் படித்த சராசரி மாணவர் வழக்கமான வகுப்பின் 98 விழுக்காட்டினரை முந்தியதாக எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அத்தனை பெரிய முன்னேற்றத்தைக் காணவில்லை, கண்டது கணிசமானதே. தனிப்பயிற்சி அந்தப் பலனைத் தருவது, எதிரே இருக்கும் ஒருவரின் தவறைக் கேட்டறிய வாய்ப்பு இருப்பதால்தான். முப்பது பேரை ஓர் அறையில் உட்காரவைத்து அதே விதியை இன்னொரு முறை உரக்கச் சொல்வதற்குத் தனிப்பயிற்சி என்று பெயரிட முடியாது.

ஆகவே பெற்றோர் டியூஷன் தேடும்போது எத்தனை கணக்கு போடவைக்கிறார்கள் என்று கேட்பதை விட்டு, பிள்ளை ஏன் தவறு செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பார்களா என்று கேட்க வேண்டும். கற்பிப்போர் ‘உனக்குக் கணக்கு வராது’ என்ற சொல்லை நாவிலிருந்தே அகற்ற வேண்டும். 3ய + 4-ஐ 7ய என்று எழுதும் பிள்ளை தனக்குக் கற்பிக்கப்பட்ட கூட்டலை இன்றும் விசுவாசத்தோடு செய்துகொண்டிருக்கிறது. கூட்டல் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.